தேத்தண்ணியை நிறுத்திப் பார்த்த 14 மாதங்கள்

இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். இப்போது ஹட்டனில் படிப்பிக்கிறேன். ஒரு நாளைக்கு ஏழு கோப்பை தேத்தண்ணி குடிப்பேன். அதில் இரண்டு, ராத்திரி பேப்பர் திருத்தும்போது. போன வருடம் தூக்கம் கெட்டு, நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. இரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்தும் குறைவு என்றார்கள். ஒரே நாளில் முற்றாக நிறுத்தினேன்.

அப்படி நிறுத்தியது தவறு. ஒவ்வொரு கோப்பையாகக் குறைத்திருக்க வேண்டும். இரண்டாம் நாள் நெற்றிப்பொட்டு இரண்டையும் கயிறு போட்டு இறுக்கின மாதிரித் தலைவலி. கடையில் வாங்கிய மாத்திரை இரண்டு போட்டேன், அரை மணித்தியாலத்தில் விட்டது. அட்டையைத் திருப்பிப் பார்த்தால், ஒரு மாத்திரைக்கு 65 மில்லிகிராம் காஃபீன், தேத்தண்ணியில் நம்மை விழிக்க வைக்கும் அதே பொருள்! ஒரு கோப்பை தேத்தண்ணியில் இருப்பதை விட அதிகம். பிறகு வெறும் பரசிட்டமோல்தான். எட்டாம் நாள் தலைவலி போனது.

தூக்கம் மூன்றாம் வாரத்தில் திரும்பியது. பகலெல்லாம் மூளையில் சேரும் அடினோசின் என்ற பொருள்தான் நமக்குத் தூக்கத்தை வரவழைக்கிறது. காஃபீன் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதை வேலை செய்யவிடாது. படபடப்பும் நின்றது. இந்த இரண்டுக்காகவே நிறுத்தியதில் எனக்குத் திருப்தி.

இரும்புச்சத்து விஷயத்தில் காஃபீனைக் குற்றம் சொல்ல முடியாது. தேயிலைக்குத் துவர்ப்பைக் கொடுக்கும் பொலிபீனோல்கள்தான் கீரை, பருப்பிலிருந்து கிடைக்கும் இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. காஃபீன் நீக்கிய தேயிலை குடித்தாலும் இதே கதைதான். நம் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ரொட்டி, சம்பலோடு தேத்தண்ணியும் சேர்த்துத்தானே குடிக்கிறோம்? மலைக்கு ஏறி இறங்கி வேலை செய்யும் பெண்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கவே வேண்டாம்.

இழந்ததையும் சொல்ல வேண்டும். பனி மூடிய காலையில் முதலாம் பாடம் நடத்துவது பல மாதங்கள் பாரமாக இருந்தது. கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். சூடு கிடைத்தது, சுறுசுறுப்பு வரவில்லை. அதைவிடக் கஷ்டம் மனிதர்களோடுதான். சாவு வீட்டில் ராத்திரி நீட்டின கோப்பையை வேண்டாம் என்றபோது, அந்த அக்கா என் முகத்தைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அம்மா 32 வருடம் கொழுந்து எடுத்தவர். சாயம் கூட்டி, கையில் சீனியும் வைத்துக்கொண்டு வந்தார். வேண்டாம் என்றதும், "நம்ம வீட்டுத் தேத்தண்ணியுமா ஆகாது?" என்று கேட்டுவிட்டு, என் கோப்பையைத் திரும்பக் கேத்தலிலேயே ஊற்றினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

முழுசாக 11 மாதம் இருந்தேன். அதற்குப் பிறகு நாளுக்கு ஒன்று, காலை பத்தரைக்கு. உடம்பிலுள்ள காஃபீன் பாதியாகக் குறைய சுமார் ஐந்து மணித்தியாலம் என்பதால், படுக்கும்போது மிஞ்சுவது கொஞ்சம்தான். மூன்று மாதமாகத் தூக்கம் கெடவில்லை. இதை மட்டும் முதலிலேயே செய்திருந்தால் போதுமா என்றால், எனக்குப் போதாது. முற்றாக விட்ட பிறகுதான் எந்தக் கோப்பை என்னைக் கெடுத்தது என்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பஸ்ஸிலேயே தோட்டத்துக்குப் போய்விடுகிறேன். நான் வருகிற நாளில் அம்மா பத்து மணிக்கு மேல்தான் கேத்தலை அடுப்பில் வைக்கிறார்.