கிளேசியர் எக்ஸ்பிரஸா, பெர்னினாவா? சுவிஸ் மலை ரயிலில் எதைத் தேர்ந்தெடுப்பது

சுவிட்சர்லாந்துக்கு டிக்கெட் போட்டாச்சு, ஒரு மலை ரயிலிலாவது ஏறியே ஆகணும், கிளேசியரா பெர்னினாவா என்று கேட்டால் என் பதில் பெர்னினா. அதிலும் எக்ஸ்பிரஸ் வேண்டாம், அதே தண்டவாளத்தில் ஓடுகிற சாதாரண ரயிலே போதும்.

முதலில் கிளேசியர் எக்ஸ்பிரஸ். செர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் வரை 291 கி.மீ., ஏறத்தாழ எட்டு மணி நேரம். பெயரிலேயே பனியாறு இருப்பதால் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ரோன் பனியாறு தெரியும் என்று நம்பிப் போகிறவர்கள் உண்டு. 1930இல் இந்த ரயில் தொடங்கியபோது ஃபுர்கா கணவாயின் மேலே ஏறி அந்தப் பனியாற்றின் பக்கமாகத்தான் போனது. ஆனால் பனிக்காலத்தில் அந்தப் பாதையை மூடவேண்டியிருந்தது, அதனால் 15.4 கி.மீ. நீளத்துக்குச் சுரங்கம் வெட்டி 1982இல் திறந்தார்கள், அதிலிருந்து ரயில் மலைக்கு அடியிலேயே போய்விடுகிறது. மற்றபடி வழி அழகுதான், அதில் சந்தேகமில்லை. 2033 மீட்டரில் ஓபரால்ப் கணவாய், அப்புறம் வெள்ளைப் பாறைச் சுவர்களுக்கு நடுவே ரைன் நதி ஓடும் பள்ளத்தாக்கு, இருக்கைக்கே வரும் சாப்பாடு. ஆனாலும் எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார வேண்டும், சிறு குழந்தைகளோடு போனால் பாதி வழியிலேயே அலுத்துவிடும்.

பெர்னினா எக்ஸ்பிரஸ் கூர் ஊரிலிருந்து இத்தாலியின் திரானோ வரை, நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. பாறைச் சுவரின் நடுவில் இருக்கும் சுரங்க வாய்க்குள் நேராக நுழையும் அந்த லாண்ட்வாசர் வளைவுப் பாலம், 65 மீட்டர் உயரம், படங்களில் பார்த்திருப்பீர்கள், இரண்டு ரயில்களுமே அதன் மேல்தான் போகின்றன. அதனால் பாலத்துக்காக மட்டும் கிளேசியரைத் தேர்ந்தெடுக்க அவசியமில்லை.

பெர்னினாவின் உண்மையான விசேஷம் செயின்ட் மோரிட்ஸ் வட்டாரத்தைத் தாண்டித்தான் தொடங்குகிறது. 2253 மீட்டரில் ஓஸ்பித்சியோ பெர்னினா நிலையம், பக்கத்திலேயே லாகோ பியாங்கோ ஏரி. அங்கிருந்து 429 மீட்டரில் இருக்கும் திரானோவுக்கு இறங்கியாக வேண்டும். நம்ம ஊட்டி ரயிலில் கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரம் பிடித்துத்தான் ஏறுகிறோம், அதற்கான எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களைச் செய்துகொடுத்ததே சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் தொழிற்சாலைதான். கிளேசியர் வழியிலும் செங்குத்தான இடங்களில் பல்சக்கரம் உண்டு. பெர்னினாவில் அது கிடையாது! 100 மீட்டருக்கு 7 மீட்டர் ஏறும் சரிவிலும் வெறும் சக்கரப் பிடிப்பிலேயே ஓடுகிறது, 1910இலிருந்து. புருசியோவில் இறங்கும் சரிவைக் குறைக்க ஒரு கல்பாலத்தை வட்டமாகவே கட்டி, சுற்றிவந்து தன் பாதைக்குக் கீழேயே நுழைகிறது பாருங்கள், அந்த ஒரு நிமிடத்துக்காகவே போகலாம். ஏப்ரல், மே விடுமுறையில் போனால் மேலே ஏரி உறைந்து கிடக்கும், கீழே போஸ்கியாவோ பள்ளத்தாக்கு பச்சையாக இருக்கும்.

சரி, எக்ஸ்பிரஸ் ஏன் வேண்டாம்? பனோரமா பெட்டியின் கண்ணாடி பெரிது, ஆனால் திறக்க முடியாது, படமெடுத்தால் உள்ளிருக்கும் விளக்கும் முகமும் சேர்ந்து விழும். சுற்றுலாப் பயணிகளுக்கான சுவிஸ் டிராவல் பாஸ் வைத்திருந்தாலும் இருக்கை முன்பதிவுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், கிளேசியரில் அது இன்னும் அதிகம். சாதாரண ரயிலுக்கு அந்தக் கட்டணமே இல்லை. செயின்ட் மோரிட்ஸிலிருந்து திரானோவுக்கு இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடும், சில பெட்டிகளில் ஜன்னலை இறக்கிவிடலாம், உச்சக் கோடையில் சில ரயில்களில் கூரையே இல்லாத மஞ்சள் பெட்டிகளையும் இணைக்கிறார்கள். எல்லாவற்றையும் விட, பிடித்த இடத்தில் இறங்கலாம். ஆல்ப் குரூமில் இறங்கிப் பாலூ பனியாற்றைப் பார்த்துக்கொண்டே ஒரு காபி குடித்துவிட்டு அடுத்த ரயிலில் ஏறிக்கொள்ளுங்கள். திரானோ பக்கம் போகும்போது வலதுபுறம் உட்காருவது நல்லது, மோர்தெராட்ச் பனியாறும் ஏரியும் அந்தப் பக்கம்தான்.

வயதான அப்பா அம்மாவோடு போகிறீர்கள் என்றால் மட்டும் என் பதில் மாறும். கூரிலிருந்து சாதாரண ரயிலில் வந்தால் வழியில் மாற வேண்டும், உட்கார இடம் உறுதியில்லை. அவர்களுக்கு பெர்னினா எக்ஸ்பிரஸே சௌகரியம், பணம் போனால் போகட்டும். கிளேசியரை எப்போது எடுக்கலாம் என்றால், செர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸுக்கு எப்படியும் போக வேண்டியிருக்கும்போது. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை அது ஓடாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரானோ இத்தாலி என்பதால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், ஷெங்கன் விசாவே போதும். அங்கே பித்சோக்கெரி கிடைக்கும், மரக்கோதுமை (பக்வீட்) மாவில் செய்த பட்டையான பாஸ்தா, உருளைக்கிழங்கும் கோஸும் சீஸும் போட்டது, சைவக்காரர்கள் வயிறாரச் சாப்பிடலாம். திரும்பி வர மனமில்லை என்றால் பக்கத்து நிலையத்திலிருந்தே மிலானுக்கு ரயில் இருக்கிறது, இரண்டரை மணி நேரம், கோமோ ஏரிக்கரை வழியாக. பயணத் திட்டம் போடும்போதே ஊர் திரும்பும் விமானத்தை மிலானிலிருந்து பதிவு செய்தால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை.