பிரஷர் மெஷின் வாங்கப் போகிறீர்களா? முதலில் கையை அளந்து பாருங்கள்

மலேசியாவில் தாப்பா, சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களின் மருந்துக்கடைகளில், ரத்த அழுத்தம் பார்க்க மேல்கையில் கட்டும் டிஜிட்டல் பிரஷர் மெஷின் ஏறக்குறைய 100 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 250 வெள்ளி வரை போகிறது. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவருக்கு இது எதற்கு, வார்டிலேயே இருக்கிறதே என்பார்கள். மிஸ்ஸியும் (தாதி) அட்டெண்டனும் வார்டு மெஷினில் தங்களுக்குப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் நின்றபடி, பேசிக்கொண்டே, கோப்பி குடித்த கையோடு. அந்த எண்ணை நம்ப முடியாது. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம். சீருடை போட்டவர்களுக்கு விலக்கு ஒன்றும் இல்லை.

மலிவு மாடலுக்கும் நடுத்தர மாடலுக்கும் பெரிய வித்தியாசம் மெஷினில் இல்லை, கைப்பட்டையில்தான். மலிவானதோடு பெரும்பாலும் வருவது 22–32 செ.மீ. பட்டை. நோயாளியைத் தூக்கி, ஸ்ட்ரெச்சர் தள்ளிப் பழகிய கை 34, 36 செ.மீ. சுற்றளவுகூட இருக்கலாம். தோள் முனைக்கும் முழங்கைக்கும் நடுவில் தையல் டேப்பால் சுற்றளவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சிறிய பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். 2023-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டை கட்டியபோது மேல் எண் சுமார் 5 மி.மீ. ஏறியது, மிகப் பெரியது தேவைப்பட்டவர்களுக்கு 20 மி.மீ. வரை. தேவையில்லாத மாத்திரையில் கொண்டுபோய் விட இது போதும். ஆகவே 22–42 செ.மீ. பட்டை வரும் மாடலுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். ப்ளூடூத்துக்குக் கொடுக்க வேண்டாம்.

மணிக்கட்டில் கட்டுவது கைக்கு அடக்கம்தான், ஆனால் பட்டை இதயத்துக்கு 10 செ.மீ. கீழே இறங்கினாலே 7, 8 மி.மீ. கூடிவிடும்.

பெட்டிக்குள் வரும் தாளில் 'காலை, மாலை' என்றிருக்கும். ராத்திரி 9 முதல் காலை 7 வரை டூட்டி பார்ப்பவருக்கு எது காலை? கடிகாரத்தை விட்டுவிடுங்கள். தூங்கி எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னால் ஒரு தடவை. படுக்கப் போகுமுன் ஒரு தடவை. டூட்டி முடிந்து வந்த வேகத்தில் கட்டாதீர்கள். கோப்பி, தே, சிகரெட் முடிந்து 30 நிமிடம் போகட்டும். முதுகு சாய்த்து, கால் மேல் கால் போடாமல், 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 செ.மீ. மேலே, உள்ளே ஒரு விரல் நுழைகிற இறுக்கம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு அளவு.

சில மாடல்களில் உள்ள 'காலைச் சராசரி' ராத்திரி டூட்டிக்காரருக்குப் பயனில்லை, அது கடிகார நேரத்தை மட்டுமே பார்க்கும். ஒரு நோட்டில் எண்ணோடு டூட்டியையும் எழுதுங்கள். நடுராத்திரி பாக்கெட் மீ (உடனடி நூடுல்ஸ்) சாப்பிட்டால் அதையும். தூளோடு சேர்த்து ஒரு பாக்கெட்டில் ஒரு நாளுக்கான 5 கிராம் உப்பில் ஏறக்குறைய பாதி இருக்கலாம். ஏழு நாள் எடுத்து, முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி பாருங்கள். 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் நோட்டோடு கிளினிக்குக்குப் போங்கள். 180/120-ஐ எட்டி, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் நோட்டு, சராசரி எல்லாம் அப்புறம், உடனே எமர்ஜென்சி.

மெஷினில் துடிப்பு ஒழுங்கில்லை என்ற குறி அடிக்கடி வந்தால், கிளினிக்கில் ஈசிஜி (இதயத் துடிப்புப் பதிவு) எடுக்கச் சொல்லுங்கள். அந்த நிலையில் மெஷின் காட்டும் எண்ணே நிலையாக இருக்காது.

காற்று ஏறி ஏறி நின்று எரர் காட்டினால் மெஷினைத் திட்டாதீர்கள். குழாய் மடிந்திருக்கும், செருகுமுனை தளர்ந்திருக்கும், அல்லது ஒட்டுப்பட்டையில் நூலும் பஞ்சும் சேர்ந்து பிடிமானம் போயிருக்கும். பட்டை தனியாகவும் கிடைக்கும், ஆனால் முனை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழையதைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.