வெற்றிலை போடும் வாயில் நானோ கம்போசிட் எப்படி உழைக்கிறது?

பல் அடைக்கும் கம்போசிட் பசையின் சிரிஞ்சின் மேல் 'நானோ' என்று போட்டிருப்பதால் அடைப்பு ஆயுசுக்கும் நிற்கும் என்று நம்ப வேண்டாம். இந்தப் பசையின் நிஜமான பலம் மினுக்கம்தான். அதிலுள்ள 20 நானோமீட்டர் அளவுள்ள சிலிக்காத் துகள், தேயும்போது பொடிப்பொடியாகவே உதிரும். பெரிய, சிறிய துகள் கலந்த பழைய ஹைபிரிட் கம்போசிட்டில் பெரிய துகள் பெயர்ந்து குழி விழும், கறை அங்கேதான் குடியேறும். ரங்கூனில் கூன்யா (பர்மிய வெற்றிலைச் சுருள்) போடுகிறவர்களின் முன்பல்லில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

சுண்ணாம்பு வேறு கதை. அதன் காரம், துகளையும் ரெசினையும் (பசையின் பிசின்) பிணைக்கும் சிலேனை அரிக்கக்கூடியது. அரித்த இடத்தைக் கொட்டைப்பாக்கு தேய்த்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாலிஷ் போடாவிட்டால் நானோவுக்குக் கொடுத்த காசு வீண்.

ஒட்டும் வேலையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பாக்கு மென்று தேய்ந்த பல்லில் டென்டைன் (எனாமலுக்கு அடியில் உள்ள பகுதி) இறுகிக் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும், பசை பிடிக்கப் பூசும் ஆசிட் சரியாக இறங்காது. டைமண்ட் பர்ரால் (பல்லைச் சுரண்டும் சுழல்முனை) முதலில் லேசாகச் சுரண்டிவிட வேண்டும். பிறகு 37 சதவீதப் பாஸ்பாரிக் ஆசிட்: எனாமலில் 30 விநாடி வரை, சாதாரண டென்டைனில் 15 விநாடியோடு நிறுத்த வேண்டும். கழுவியபின் காற்றடித்து வறட்டினால் பிறகு பல் கூசும். பஞ்சால் ஒற்றினாலே போதும். பசையின் ஷேடை (நிறம்) பல் காய்வதற்கு முன்பே பார்த்துவிடுங்கள், காய்ந்த பல் வெளுத்துக் காட்டும்.

பசையின் ஓர் அடுக்கு 2 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அதை இறுக்க 20 விநாடி நீல லைட், கறுத்த ஷேடுக்கு 40. இங்கே மின்வெட்டுதான் பெரிய தொல்லை. பேட்டரி பாதி ஏறிய லைட்டிலும் நீல வெளிச்சம் வரும், ஆனால் பலம் போதாமல் போகலாம். மேலே தட்டினால் கல் மாதிரி இருக்கும், அடியோ மெத்தென்று வேகாமல் கிடக்கும். கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, லைட்டின் பலத்தை அளக்கும் மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஏப்ரல் வெயிலில் ஃபிரிட்ஜும் நின்றுவிட்டால் பசை இளகிக் கருவியோடு இழுபடும்.

பல வருடம் பாக்கு போட்டவர்களுக்குக் கன்னத்தின் உட்தோல் நார்பிடித்து வாய் சுருங்கும். மூன்று விரல் நுழையாத வாயில் லைட் நுனி கடைவாய்ப்பல்லுக்கு நேராக நிற்காது, சாய்ந்தே படும். அங்கே லைட் தேவைப்படாத கிளாஸ் அயனோமர் என்ற வேறு அடைப்புப் பொருளே மேல், சீக்கிரம் தேய்ந்தாலும் சரி. அந்தச் சுருக்கம் புற்றுநோய்க்கு முந்தைய நிலையாக இருக்கலாம். அடைப்பை விட அதை நிபுணரிடம் காட்டுவது அவசரம்.

அடைப்பின் ஓரத்தில் பழுப்புக் கோடு தெரிந்ததும் பர்ரை எடுக்காதீர்கள். முதலில் பாலிஷ் டிஸ்க்கால் தேய்த்துப் பாருங்கள். கோடு மறைந்தால் அது வெறும் கறை. மறையாமல் அந்த இடம் மெத்தென்றும் இருந்தால்தான் சொத்தை. அப்போதும் அந்தப் பகுதியை மட்டும் எடுத்து ஒட்டுப்போட்டால் போதும்.