வளவில் கேட்ட மூன்று குழுக்கள்

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவுக்கு, அதாவது நடுமுற்றத்துக்கு, தனிக் காது உண்டு. வழவழப்பான சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல்லும், மெல்லப் பாடினால்கூடக் குரலைச் சட்டென்று விடுவதில்லை. ஐரோப்பியச் செவ்வியல் இசையை ஜாஸ், நாட்டுப்புற இசை போன்றவற்றோடு கலக்கும் குழுக்களில் எது உயர்ந்தது என்று நண்பர்களோடு நெடுநாளாக வாதம். அதனால் இந்த விடுமுறையில் அப்படி மூன்று குழுக்களை அங்கேயே ஒலிக்கவிட்டுக் கேட்டேன்.

முதலில் 'அஃபீசியும்' என்ற தொகுப்பு. இங்கிலாந்தின் ஹில்லியர்ட் குழுவைச் சேர்ந்த நான்கு ஆண் குரல்கள். கூடவே நார்வேக்காரர் யான் கர்பாரெக்கின் சாக்ஸபோன். 1993இல் ஆஸ்திரிய மடம் ஒன்றில் பதிவாகி மறு ஆண்டு வெளிவந்தது. 16ஆம் நூற்றாண்டு ஸ்பானியர் மொராலெஸின் இறுதிச்சடங்குப் பாடல் இதில் மூன்று முறை வருகிறது. குரல்களின் இடுக்கில் சாக்ஸபோன் ஐந்தாவது குரலாக நுழையும் இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனாலும் ஒரு குறை சொல்வேன்: சாக்ஸபோன்தான் குரல்களைக் கேட்டுக் கேட்டு நடக்கிறது, குரல்கள் பெரும்பாலும் தம் வழியே போகின்றன.

பெங்குயின் கஃபே ஆர்கெஸ்ட்ரா வேறு வகை. சைமன் ஜெஃப்ஸின் இந்தக் குழுவினுடைய முதல் தொகுப்பு 1976இல், ஆங்கில இசைக்கலைஞர் பிரையன் ஈனோவின் வெளியீட்டு வரிசையில் வந்தது. டெலிபோன் மணியோசையையும் ரப்பர் வளையத்தையும் வைத்தே ஒரு பாட்டு அமைத்தவர் ஜெஃப்ஸ். கியோட்டோவின் சந்து ஒன்றில் யாரோ விட்டுச்சென்ற ஆர்மோனியத்தில் பிறந்தது இன்னொன்று. அதைக் கேட்டதும், "நாடகக் கொட்டகைப் பெட்டி மாதிரி இருக்கிறதே" என்று அப்பத்தா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். காலையில் கேட்க இதைவிட இதமானது கிடையாது. இரண்டு மணி நேரம் தொடர்ந்து கேட்டால்தான் கொஞ்சம் சலிக்கிறது.

என் ஓட்டு லார்ப்பெஜ்ஜாத்தாவுக்கு. தியோர்போ என்ற நெடுங்கழுத்துத் தந்தி வாத்தியத்தை வாசிக்கும் கிறிஸ்டினா ப்ளூஹார் 2000இல் தொடங்கிய குழு இது. இவர்கள் விரும்பி எடுக்கும் 17ஆம் நூற்றாண்டு இசையில், கீழ்ச்சுரங்களில் ஒரே சிறு வரி திரும்பத் திரும்பச் சுழலும்; அதன் மேல் கற்பனையாக வாசிப்பது அந்தக் காலத்து வழக்கமே. ஜாஸும் இப்படி ஒரு சுழற்சியின் மேல்தான் விளையாடுகிறது. எனவே இத்தாலியர் ஜான்லூயிஜி த்ரொவேசியின் கிளாரினெட் உள்ளே வரும்போது விருந்தாளியாகத் தெரிவதில்லை, பங்காளியாகத் தெரிகிறது. கர்நாடகக் கச்சேரியின் நிரவலில், ஒரே வரியைப் பல விதமாகக் கற்பனை செய்து பாடும்போது, பாடகர் எவ்வளவு தூரம் போனாலும் அந்த வரி தொடங்கும் இடமான எடுப்புக்குத் திரும்பும் அழகை அறிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். காரைக்குடி மணி ஆஸ்திரேலியன் ஆர்ட் ஆர்கெஸ்ட்ராவின் ஜாஸ் கலைஞர்களோடு மிருதங்கம் வாசித்ததும் இந்த இனம்தான்: லயக் கணக்கு என்ற பொது நிலத்தில் நடந்த சந்திப்பு. லார்ப்பெஜ்ஜாத்தாவின், 17ஆம் நூற்றாண்டு ஆங்கில இசையமைப்பாளர் பர்செலின் பாடல்களைக் கொண்ட 2014 தொகுப்பில் கிட்டார் சில இடங்களில் இனிப்பைக் கூட்டிவிடுகிறது. புதிதாகக் கேட்பவர்கள் 2004இல் வந்த 'ஆல் இம்ப்ரொவ்விசோ'விலிருந்து தொடங்கலாம்.

இரவு பத்து மணிக்கு மேல், வீடு அடங்கிய பிறகு, பட்டாலை என்ற கூடத்தில் பாய் விரித்துப் படுத்தால் மட்டும் என் கை தானாக 'அஃபீசியும்' பக்கம் போகிறது.