பண்ணைக்குட்டை ஷீட்டை நாமே மாற்றலாமா? தண்ணீருக்கு மேலே நிற்கும் ஒரு மீட்டர்தான் தொல்லை

குட்டையில் விரித்த எச்.டி.பி.இ. (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலின் பிளாஸ்டிக்) ஷீட் ஒழுகுகிறது, நாமே மாற்றிவிடலாமா என்று வள்ளியூர்ப் பக்கம் முருங்கை போட்டிருக்கும் அண்ணாச்சி ஒருவர் கேட்டார். மாற்றலாம். அதற்கு முன், அது ஒழுக்குதானா என்று பாருங்கள். ஒரு வாளியில் குட்டைத் தண்ணீரை நிரப்பிக் கரையோரம் வையுங்கள். மறுநாள் வாளியிலும் குட்டையிலும் மட்டம் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது வெயில் குடித்த தண்ணீர். குட்டை மட்டும் கூடுதலாக இறங்கினால் ஓட்டை உண்டு. மட்டம் மேலும் இறங்காமல் எந்த உயரத்தில் நிற்கிறதோ, அந்த உயரத்தைச் சுற்றித் தேடுங்கள்.

பழைய ஷீட்டை எடுத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். தண்ணீருக்குள் கிடந்த பகுதி இன்னும் வளைந்து கொடுக்கும். தண்ணீர் படாத மேல் ஒரு மீட்டர், மடித்தாலே வெடிக்கும். நெய்த ஷீட் என்றால் பூச்சு உரிந்து நாடா வெளியே வரும். நம் பக்கம் இது சீக்கிரம் நடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறையும் குட்டை வைகாசிக்குள் வற்றிவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து மேல்காற்று வருகிறது. பணகுடி, ராதாபுரம் வட்டாரத்தில் ஆனியிலிருந்து ஆவணி வரை காற்று ஓயாது. காலிக் குட்டையில் ஷீட் பகலெல்லாம் படபடத்து, கரை விளிம்பில் மடிந்த இடத்திலேயே திரும்பத் திரும்ப மடிந்து அறுந்துபோகும். உத்தரவாதம் பற்றி நீளமாகப் பேசும் வியாபாரிகள் இதை ஒரு வார்த்தை சொல்வதில்லை. கோபம் வருவது அதனால்தான்.

அளவு: மேலே 20க்கு 15 மீட்டர், ஆழம் 3 மீட்டர், சரிவு ஒன்றுக்கு ஒன்று என்றால் அடித்தரை 14க்கு 9. சரிவின் நீளம் பக்கத்துக்கு 4.24 மீட்டர். கரையில் புதைக்கப் பக்கத்துக்கு 1.25 மீட்டர். ஆக 25க்கு 20 மீட்டர், 500 சதுர மீட்டர். சுருக்கத்துக்கு ஒரு அரை மீட்டர் கூட்டியே சொல்லுங்கள். மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று சொல்லும் தடிமனில் ஏமாற்று நடக்கிறது, எடைமேடையில் ஏற்றிவிடுங்கள். 500 மைக்ரான் ஷீட் சதுர மீட்டருக்குச் சுமார் 470 கிராம், 500 சதுர மீட்டருக்கு 235 கிலோ. 190 கிலோதான் நிற்கிறது என்றால் உங்களுக்கு வந்தது 400 மைக்ரான். முழுக் குட்டைக்கும் ஒரே துண்டாக ஒட்டித் தரச் சொல்லுங்கள். எச்.டி.பி.இ.யில் எந்தப் பசையும் நிலைக்காது, வெப்பத்தில் உருக்கித்தான் இணைக்க வேண்டும். தோட்டத்தில் தூசிக்கு நடுவே அதைச் செய்வது வீண் வேலை.

பழைய ஷீட்டைத் தூக்கி எறியாதீர்கள். சரள் மண்ணுக்கும் புது ஷீட்டுக்கும் நடுவே அது நல்ல மெத்தை. அடித்தரையில் மட்டும் அங்கங்கே கீறிவிடுங்கள், இல்லையென்றால் இரண்டுக்கும் இடையில் தண்ணீர் தேங்கும். ஓடைக்கல், வேர், கருவை முள் எல்லாம் கையால் பொறுக்க வேண்டும்.

விரிப்பதற்குப் புரட்டாசி நல்லது. காற்று அடங்கியிருக்கும், மழை தொடங்கியிருக்காது. விடியற்காலையில் எட்டுப் பத்துப் பேரோடு மேற்குக் கரையில் இருந்து விரியுங்கள். அந்த விளிம்பில் முதலில் மணல் மூட்டை ஏற வேண்டும். காலில் செருப்பு வேண்டாம், வாயில் பீடி வேண்டாம். இழுத்துக் கட்டக் கூடாது: நண்பகல் வெயிலுக்கும் விடியல் குளிருக்கும் இடையே 20 மீட்டர் ஷீட் 10 சென்டிமீட்டருக்கு மேலேயே நீண்டு சுருங்கும். ஷீட்டின் விளிம்பைப் புதைக்க அரை மீட்டர் ஆழத்தில் வெட்டிய கரைக்குழியை உடனே மூடாதீர்கள். பாதிக் குட்டை நிறையும் வரை மணல் மூட்டையே பிடிக்கட்டும். தண்ணீரின் பாரம் ஷீட்டை இழுத்து உட்கார வைத்த பிறகு மண் போட்டு மிதியுங்கள். மோட்டார் தண்ணீர் விழும் இடத்தில் பழைய ஷீட் துண்டு ஒன்றைப் போடுங்கள். குழாய்க்காக ஷீட்டில் துளை போடவே வேண்டாம்.

பிறகு வருடா வருடம் செய்ய வேண்டியது: ஆனிக்கு முன் அடியில் குறைந்தது முக்கால் அடித் தண்ணீரை விட்டுவையுங்கள். மேல் விளிம்பில் இருந்து கயிற்றில் மணல் மூட்டைகளைச் சரிவில் தொங்கவிடுங்கள். மேல் ஒரு மீட்டருக்குப் பழைய ஷீட்டையே நிழல் துணி மாதிரி மேலே போர்த்திவிட்டால் வெயிலை அது வாங்கிக்கொள்ளும்.

தண்ணீருக்குள் இந்த ஷீட்டைக் குறை சொல்ல எதுவும் இல்லை. செம்மண்ணிலும் தேரி என்னும் செம்மணல் மேட்டிலும் தண்ணீரை நிறுத்த இது மலிவான வழியும்கூட. ஆனாலும், காற்றுக்காலத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட முடியாத தோட்டத்துக்கு நான் இதை வாங்கச் சொல்ல மாட்டேன். கரிசல் களிமண் என்றால் ஷீட்டே தேவையில்லை.

ஒன்றை மட்டும் யாரும் தள்ளிப்போட வேண்டாம். பாசி பிடித்த ஷீட்டில் நீச்சல் தெரிந்தவரும் ஏறி வர முடியாது. சுற்றி வேலி போட்டு, நான்கு பக்கமும் முடிச்சுப் போட்ட தடித்த கயிற்றை அடி வரை தொங்கவிட்ட பிறகே தண்ணீரைத் திறந்துவிடுங்கள்.