சேர்மாட்டில் மணிக்கூடு வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

சுவிஸுக்கு வரும் நம்மவர்களில் பலர் மாட்டர்ஹோர்ன் மலையைப் பார்க்க சேர்மாட்டுக்குப் போகிறார்கள். கோர்னர்கிராட் ரயிலில் 3089 மீட்டர் உயரம் வரை ஏறி இறங்கிவிட்டு, ரயில் நிலையத்துக்கு எதிரே தொடங்கும் பான்ஹோஃப் வீதியில் மணிக்கூட்டுக் கடைகளுக்குள் நுழைகிறார்கள். கனடாவில் இருந்து வந்திருந்த என் மாமாவும் அப்படித்தான் நுழைந்தார். வேலையில் இருந்து ஓய்வு பெறும்போது ஒரு நல்ல சுவிஸ் மணிக்கூடு கட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கால்வலி என்று உட்கார்ந்துவிட்ட மாமியுடன் நான் வெளியே இருந்தேன்.

விலைச்சீட்டில் 5,000 பிராங். "உங்களுக்கு வரியைக் கழித்து 4,800" என்றாராம் விற்பனையாளர். வரிதான் கழிந்துவிட்டதே, அதனால் வரியைத் திரும்பப் பெற விமான நிலையத்தில் காட்டும் படிவம் தேவையில்லை என்றும் சொல்லியிருக்கிறார். இது பச்சைப் பொய். இங்கே கடைகளில் போட்டிருக்கும் விலையில் வரியும் அடக்கம்; 2024 முதல் அது 8.1 சதவீதம். மாமாவின் பற்றுச்சீட்டிலேயே, 4,800 பிராங்குக்குள் 8.1 சதவீத வரி அடங்கியிருப்பதாகத் தெளிவாக அச்சாகியிருந்தது. அதாவது, சாதாரணமாக யாருக்கும் கொடுக்கும் 200 பிராங் தள்ளுபடிக்கு வரிக்கழிவு என்று பெயர் வைத்துவிட்டு, அவருக்குத் திரும்பிவர வேண்டிய ஏறத்தாழ 360 பிராங்குக்கு வழியை அடைத்துவிட்டார்கள். சேவைக் கட்டணம் போனாலும் பெரும்பகுதி கைக்கு வந்திருக்கும். வெளிநாட்டில் வசிப்பவர் ஒரே கடையில் 300 பிராங்குக்கு மேல் வாங்கினால் அந்தப் படிவத்தைக் கேட்கலாம். ஆனால் கடை நிரப்பித் தர வேண்டும். சூரிச் விமான நிலையச் சுங்கத்தில் பற்றுச்சீட்டை மட்டும் நீட்டினால் முத்திரை குத்தமாட்டார்கள்.

கடையில் மாமா வங்கி அட்டையால் பணம் கட்டியபோது இன்னொன்று நடந்திருக்கிறது. இயந்திரம் பிராங்கா, கனடிய டொலரா என்று கேட்கும். அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் அட்டைக்காரர். இங்கே விற்பனையாளரே டொலரை அழுத்திவிட்டு, இரகசிய எண்ணை மட்டும் போடச் சொல்லி இயந்திரத்தை நீட்டியிருக்கிறார். அப்படி டொலருக்கு மாற்றிய விகிதம், மாமாவின் வங்கி போட்டிருக்கக்கூடிய விகிதத்தைவிட எவ்வளவோ மோசம். எந்தக் கடையாக இருந்தாலும் இயந்திரத்தை உங்கள் கையில் வாங்கி, பிராங்கை நீங்களே அழுத்துங்கள்.

இவ்வளவும் அன்றிரவு பேர்ணில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் தெரியவந்தது. அப்புறம் உத்தரவாத அட்டையைப் பார்த்தேன். அதில் இருந்த திகதி போன இலையுதிர் காலத்தது! பட்டியின் கொளுக்கியில் மெல்லிய கீறல்கள் வேறு. தயாரிப்பு நிறுவனத்தின் சேவைப் பிரிவுக்குத் தொடர் எண்ணைச் சொல்லிக் கேட்டபோது, உத்தரவாதம் அந்தத் திகதியில் இருந்தே ஓடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். மணிக்கூடு அசல்தான். ஆனால் கண்ணாடிப் பெட்டியில் கிடந்ததோ, யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்ததோ, புதிது என்று மாமாவின் கையில் கட்டப்பட்டுவிட்டது.

மறுநாள் கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். ஆங்கிலத்தில் மாமாவிடம் அவ்வளவு இனிமையாகப் பேசியவர், நான் ஜெர்மனில் கேட்கத் தொடங்கியதும் முகாமையாளரிடம் கொடுத்துவிட்டார். விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார் அவர். சுவிஸில் கடைக்கு நேரில் போய் வாங்கியதை மனம் மாறித் திருப்பிக் கொடுக்கச் சட்டப்படி உரிமை இல்லை என்பது உண்மைதான். பல கடைகள் தாமாகவே மாற்றித் தருகின்றன, அவ்வளவுதான். ஆனால் புதிது என்று சொல்லிப் பழையதை விற்பது வேறு விஷயம். குறையைக் கண்டால் தாமதிக்காமல் அறிவிக்க வேண்டும் என்பதால், படங்களோடு அன்றே பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன்.

மலைக்கு வந்துபோகிற ஒருவர், அதுவும் வயதானவர், திரும்பி வந்து கேட்கவா போகிறார் என்ற கணக்குத்தான் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. அதே வீதியில் ஒழுங்கான கடைகளும் இருக்கின்றன. எங்கே வாங்கினாலும் காசு கொடுக்கும் முன் உத்தரவாத அட்டையில் அன்றைய திகதியையும் கடை முத்திரையையும் போடவைத்து, தொடர் எண்ணை மணிக்கூட்டில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வரிப் படிவத்தையும் அங்கேயே கேட்டு வாங்குங்கள்.

கடிதத்துக்குப் பதில் வந்தது. உத்தரவாதத் திகதியைத் திருத்தித் தருகிறார்களாம். வரியைப் பற்றியும் டொலரைப் பற்றியும் அதில் ஒரு வரிகூட இல்லை. மாமா கனடாவுக்குத் திரும்பிவிட்டார். அந்த இரண்டுக்கும் பதில் கேட்டு நான் மறுபடி எழுதியிருக்கிறேன்.