நாலடித் தொட்டிக்குக் கோமாளி மீனா, ப்ளூ டேங்கா?

பெங்களூர் அல்சூரில் அக்கா வீட்டில் நாலடித் தொட்டி வாங்கி, ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்பு கலந்து ஒரு மாதமாக ஓடவிட்டிருக்கிறார்கள். இப்போது சண்டை எந்த மீன் என்பதில்தான். அக்கா மகளுக்கு நீல மீனான ப்ளூ டேங், அத்தானுக்கு ஆரஞ்சு நிறக் கோமாளி மீன். என் ஓட்டு ஆரஞ்சுக்கு.

அழகில் நீலம்தான் ஜெயிக்கும், அதை மறுக்க மாட்டேன். சிவாஜிநகர் பக்கம் ஒரு கடையில் கட்டைவிரல் அளவு ப்ளூ டேங் குட்டியைப் பார்த்தேன். மை கொட்டின மாதிரி நீலம், அதன் மேல் வளைந்து ஓடும் கறுப்பு, மஞ்சள் வால். கல் இடுக்கில் ஒருக்களித்துக் கிடந்தது, செத்துவிட்டது என்றே நினைத்தேன். கிட்டே குனிந்தால் செவுள் மெதுவாக ஏறி இறங்குகிறது. பயந்தால் அப்படித்தான், கடலிலும் பவளக் கிளைகளுக்குள் புகுந்து ஒட்டிக்கொள்ளும். வால் தொடங்கும் இடத்தில் இரு பக்கமும் கத்தி போல ஒரு முள் வேறு உண்டு, வெறும் கையால் பிடித்தால் கிழித்துவிடும்.

ஆனால் அந்தக் குட்டி வளர்ந்தால் 30 சென்டிமீட்டர், அதாவது ஒரு பெரிய ஸ்கேல் நீளம். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பசிபிக் வரை, நீரோட்டம் உள்ள பவளப்பாறைச் சரிவுகளில் நாள் முழுக்க நீந்திக்கொண்டே மிதவை உயிரிகளையும் பாசியையும் தின்கிற மீன் அது. நாலடியில் நாலு தடவை வாலை ஆட்டினால் கண்ணாடி வந்துவிடும். மிரட்சியில் வெள்ளைப்புள்ளி நோயும் சீக்கிரம் பிடிக்கும். தொட்டியில் குஞ்சு பொரிக்க வைத்ததே 2016இல்தான், கடைக்கு வருவது பெரும்பாலும் கடலில் பிடித்தது. எனக்கு மனசு வரவில்லை.

கோமாளி மீன் அப்படி அலைகிற ஜாதி இல்லை. அதிகபட்சம் 11 சென்டிமீட்டர். கடலில் ஒரு கடல்சாமந்தியை (பூ மாதிரி கைகளை விரித்துக்கொண்டு பாறையில் ஒட்டி வாழும் விலங்கு) வீடாகப் பிடித்துக்கொண்டு, அதைவிட்டுச் சில அடிகூடத் தள்ளிப் போகாது. மற்ற மீன்களைக் கொட்டுகிற அந்தக் கைகளுக்கு நடுவே, உடம்பில் பூசியிருக்கும் வழுவழுப்பு காப்பாற்ற, சுகமாகப் படுத்திருக்கும். குடும்ப வழக்கம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது: எல்லாம் ஆணாகவே தொடங்கும், கூட்டத்தில் பெரியது பெண்ணாகும், அது இறந்தால் அடுத்த ஆண் பெண்ணாக மாறிவிடும். முட்டைக்குக் காவல் அப்பா. ஒரு வாரம் போல வாயாலும் துடுப்பாலும் விசிறிக்கொண்டே இருக்கும். தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்வதால் கடலில் கை வைக்கத் தேவையில்லை, நம்ம மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலேயே செய்து காட்டியிருக்கிறார்கள்.

கடைக்காரர் மூன்றாவதாக பாங்காய் கார்டினலைக் காட்டினார். கறுப்பு வெள்ளைப் பட்டையோடு அருமையான மீன், ஆண் மீன்தான் குஞ்சுகளை வாயிலேயே வைத்துக் காக்கும். ஆனால் இயற்கையில் அதன் ஊர் இந்தோனேசியாவின் பாங்காய் தீவுகள்தான், பிடித்துப் பிடித்தே அழியும் நிலைக்கு வந்துவிட்டது. தொட்டியில் பிறந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்கலாம்.

சரி, கோமாளி வாங்குகிறவர்கள் கூடவே கடல்சாமந்தியையும் வாங்கிவிடாதீர்கள். அதற்குப் பலமான விளக்கும் வெகுநாள் ஓடிப் பழகிய தொட்டியும் வேண்டும், மீன் அது இல்லாமலே நன்றாக வாழும். ஒன்று கொஞ்சம் பெரியது, ஒன்று சின்னது என்று இரண்டு எடுங்கள், சண்டை குறையும். அப்புறம் கரன்ட் போனால் ஓடுகிற பேட்டரி ஏர் பம்ப் ஒன்று, மீன் வருவதற்கு முன்னாலேயே வீட்டில் இருக்கட்டும்.